மழைக்குப் போர்த்திய ஃபிளெக்ஸ்

அக்டோபர் 4, புதன்

என் வண்டி நூறு சிசி. நூறு சீச்சீ என்பதுதான் சரி.

இன்று ஜெபினும் நானும் போடிமெட்டு ஏறினோம். ஏறியது நான், நடந்தது அவன். நாலாவது வளைவில் வண்டிக்கு இளைப்பு வந்து அவன் இறங்கினான். ஆறாவதில் மறுபடி இறங்கினான். ஒன்பதாவதில் நானும் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது தோட்டத்து ஜீப் ஒன்று தாண்டியது. உள்ளேயிருந்து ஒரு அக்கா, “தம்பி, வண்டியத் தூக்கித் தோள்ல போட்டுக்க, வெரசாப் போயிரலாம்!” என்று கத்தினார். ஜீப் முழுக்கச் சிரிப்பு.

இந்த ஊரில் யாரைப் பார்த்து யார் சிரிப்பது என்பதைப் பத்தொன்பது வருடமாக நான்தான் முடிவு செய்துவருகிறேன். ஜெபினுக்கு அதெல்லாம் கிடையாது. “நடந்தா என்னடா, காத்து நல்லா வருது” என்றான். ஒன்றாம் வகுப்பிலிருந்து இப்படித்தான். என்னோடு சேர்ந்து முட்டி போட்டே வளர்ந்தவன். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். நான் ஏலக்காய்க் கடையில் பச்சைக் காய் தனி, வெளுத்த காய் தனி என்று பிரிக்கிறேன்.

இறங்கி வரும்போது குபேந்திரன் அண்ணன் கன்சல்டிங்கில் நின்றோம். பழைய வண்டி வாங்கி விற்கிற இடத்துக்கு எதற்குக் கன்சல்டிங் என்று பேர் வைத்தார்களோ, அவர் யாரையும் எதுவும் கன்சல்ட் பண்ணியதில்லை. கடைசி வரிசையில் நின்றது அது. முந்நூற்றைம்பது சிசி. கறுப்பு. ஹாண்டில்பாரில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு.

“சிங்கிள் ஓனருப்பா. பையன் சவூதிக்குப் போயிட்டான். அவுக அம்மா கொண்டாந்து விட்டுச்சு. ஒண்ணே கால் லச்சம்” என்றார்.

என்னிடம் எண்பதாயிரம்.

அக்டோபர் 6, வெள்ளி

இன்சூரன்ஸ் தாளில் இருந்த நம்பருக்கு நேராக மெசேஜ் போட்டேன். ஓனர் பேர் இன்பராஜ். பாலைவனத்தில் ஏதோ குழாய் பதிக்கிற வேலையாம். வெள்ளிக்கிழமை டவுனுக்கு வந்தால்தான் டவர் கிடைக்குமாம். மற்ற நாளெல்லாம் மணலும் அவரும்தான்.

நல்ல மனுஷன். விலையைப் பற்றிக் கேட்டால், “அது அம்மா பாடு, குபேந்திரன் பாடு தம்பி” என்று நழுவினார். ஆனால் வண்டியைப் பற்றிக் கேட்டதும் நிறுத்தவே இல்லை. எந்த கியரில் எந்த வளைவு, சோக்கை எப்போது தள்ளுவது, எல்லாம். கடைசியில் ஒரு போட்டோ அனுப்பினார். மெட்டில் பனிமூட்டத்துக்கு நடுவே வண்டியில் உட்கார்ந்து சிரிக்கிறார்.

“வாங்குன அன்னைக்கு எடுத்தது தம்பி. யாருக்கும் அனுப்புனதில்ல. நீ ஆசையாக் கேக்குறல்ல, அதான்.”

அக்டோபர் 9, திங்கள்

முந்நூற்றைம்பதைப் பார்க்க இன்று இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் தேனிக்காரன். சீட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தான், வீட்டுக்குக் கொண்டுபோகிற மாட்டைத் தட்டுவதுபோல. ஆயுத பூஜைக்குள் வண்டி போய்விடும் என்கிறார் குபேந்திரன் அண்ணன்.

மதியம் மழை. அண்ணன் எல்லாக் கடையிலும் பழைய ஃபிளெக்ஸைக் கட்டாக வாங்கி வைத்திருக்கிறார். மழை வந்தால் வண்டிக்கு ஒன்று போர்த்த வேண்டும். அவருக்கு மூட்டு வலி. அதனால் நானே போர்த்தி உதவினேன். ஒரு வண்டிக்குக் காதணி விழா, ஒரு வண்டிக்குக் கபடிப் போட்டி, ஒரு வண்டிக்குக் கவுன்சிலர் பிறந்தநாள். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம்.

முந்நூற்றைம்பதைப் போர்த்தும்போதுதான் தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு வந்து, இருமல்போல மாற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

ஜெபின் முதலில் மாட்டேன் என்றான்.

“உசுரோட இருக்க ஆளுடா!”

“செத்தவனுக்கு வச்சா அவனா பாக்கப் போறான்? உசுரோட இருக்கவனுக்கு வச்சா ஆயுசு கூடும்டா.”

“யாரு சொன்னா?”

“இப்பத்தான் நான் சொன்னேன்.”

“அவுக அம்மா பாத்தாங்கன்னா?”

“அது ராசிங்காபுரத்துல ஆடு மேய்க்கிது. கன்சல்டிங்ல என்ன வேலை அதுக்கு? ஒரு வாரம்டா. வெல எறங்குனதும் கிழிச்சிருவோம். எடுத்ததும் மொத ரவுண்டு மெட்டுக்கு. நீ பின்னாடி. ஒரு வளைவுல எறங்கச் சொன்னேன்னா செருப்பக் கழட்டி அடி.”

அதற்குத்தான் இளகினான். கடைக்காரர் சாப்பிடப் போன நேரத்தில் செய்தான். மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் மெட்டுப் போட்டோ, அதைச் சுற்றி மாலை. தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி. கீழே என் வரி: ‘வண்டியோடு வாழ்ந்தவனே, வண்டியோடு போனாயோ!’ வாசித்துவிட்டு நானே கொஞ்சம் கண்கலங்கினேன். மூலையில் கடைப் பேரும் செல் நம்பரும் தானாக வந்திருந்தது. அதைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன்.

சாயங்காலத் தூறலில் கவுன்சிலரை எடுத்துவிட்டு இன்பராஜைப் போர்த்தினேன். படம் உள்பக்கம்.

அக்டோபர் 12, வியாழன்

தேனிக்காரன் அட்வான்ஸ் கொடுக்க வந்தான். “கடைசில நிக்கிது, தூக்கிப் பாத்துக்கங்க” என்றார் அண்ணன், உட்கார்ந்த இடத்திலிருந்து. அவன் தூக்கினான். பார்த்தான். தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல மெதுவாக இறக்கினான்.

“வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேண்ணே.”

வெளியே போய் வண்டியிருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். நான் டீயை மூக்கு வழியாகக் குடித்தேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

இன்றோடு நாலு பேர். நாலு பேருக்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருந்தது. ஒருத்தனும் வாயைத் திறந்து ஏன் என்று சொல்லவில்லை. இழவு வண்டியை ‘இழவு வண்டி’ என்று விற்கிறவன் முகத்துக்கு நேரே சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது. அதை நம்பித்தான் இறங்கினேன்.

அண்ணன் தலையைச் சொறிகிறார். “என்னப்பா, எல்லாவனும் பொண்டாட்டிக்குப் பயந்தவனாவே வர்றான்?”

அக்டோபர் 19, வியாழன்

படிந்துவிட்டது! என் சீச்சீயும் எண்பதும். ஆயுத பூஜையன்று டெலிவரி.

ஜெபின் வந்தான். வண்டிமேல் உட்காரவைத்து அவன் போனில் என்னைப் போட்டோ எடுத்தான். மறக்காமல் அனுப்புடா என்றேன். “மொதல்ல அந்த ஃபிளெக்ஸக் கிழிடா” என்றான். இன்னும் நாலு நாள், யாராவது இடையில் புகுந்து கூடுதலாகக் கொடுத்து எடுத்துவிட்டால்? இருக்கட்டும் என்றேன்.

அம்மாவிடம் சொன்னேன். “இருக்கற வண்டிக்கே நீ வீடு வர்றவரைக்கும் எனக்குச் சோறு எறங்கல” என்றாள். இனி சீக்கிரம் வந்துவிடுவேன், சீக்கிரம் சோறு இறங்கும் என்றேன். கரண்டியால் அடித்தாள்.

அக்டோபர் 22, ஞாயிறு

புது ஹெல்மெட்டோடு கன்சல்டிங்குக்குப் போனேன், அளவு பார்க்க. ஹெல்மெட்டுக்கு வண்டி அளவா என்று பார்க்க.

பதினொரு மணிக்கு ஒரு அம்மா வந்தார். கையில் மஞ்சப்பை. பேச்சியம்மாளாம். இன்பராஜின் அம்மா. அந்த மஞ்சள் துணியில் குலசாமிக்குக் காசு முடிந்து கட்டியிருக்கிறதாம். சாமி காணிக்கை அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது, அவிழ்த்துப் போக வந்தாராம்.

“இந்தத் தம்பிதான் எடுக்குது” என்று என்னைக் காட்டினார் அண்ணன்.

அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டு முத்திக்கொண்டார். “நல்லா ஓட்டுய்யா. எம் பிள்ள ஆசையா வாங்குனது. பையப் போகணும், என்ன?”

நான் அவிழ்த்துத் தருகிறேன் என்றேன். “முடிச்சு எனக்குத்தேன் தெரியும்யா” என்று அவரே நடந்துபோனார். எனக்கும் அவருக்கும் நடுவில் எட்டு வண்டி.

தூக்கினார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார் போல. விரலை வைத்து வாசித்தார். முதலில் பேர். அப்புறம் தோற்றம். அப்புறம் மறைவு.

சத்தம் போடவில்லை. திரும்பி அண்ணனைக் கேட்டார்: “எங்கிட்ட மட்டும் சொல்லலையா?”

அண்ணன் எழுந்து வந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “எந்தக் கட்டுல இருந்து வந்துச்சுன்னு தெரியலம்மா... எனக்குத் தெரியாதும்மா... ஐயோ, தம்பி நல்ல பையனாச்சே...” என்று அவரும் அழ ஆரம்பித்தார். இரண்டு பேரும் அழும்போது இடையில் பேசுவது மரியாதையாக இருக்காது.

பிறகு அந்த அம்மாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆட்டோ கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக முந்நூற்றைம்பதை நான்தான் எடுத்தேன். நடுவில் அந்த அம்மா, பின்னால் பிடித்துக்கொண்டு அண்ணன். அந்த அம்மாவின் தாடை என் தோளில் இருந்தது. வழியெல்லாம் குழறலாகக் கேட்டுக்கொண்டே வந்தார். “எப்பய்யா? எப்பய்யா போனான்?”

காற்றில் சரியாகக் கேட்கவில்லை. ஹாரனும் அடித்துக்கொண்டே போனேன்.

மூன்று பேரை வைத்தும் வண்டி நல்ல இழுவை.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

வண்டி வீட்டுக்கு வந்தது. “இன்னைக்கே எடுத்துட்டுப் போயிரு சாமி, ஐயாயிரம் கொறச்சே குடு, எங் கண்ணு முன்னால நிக்க வேணாம்” என்றார் அண்ணன். ஃபிளெக்ஸை இன்பராஜின் தாய்மாமன் வந்து எடுத்துப் போய்விட்டாராம்.

அம்மா சந்தனம் வைத்தாள். மஞ்சள் துணி இன்னும் ஹாண்டில்பாரில்தான் இருக்கிறது. அவிழ்த்துப் பார்த்தேன். வரவில்லை. அது உண்மையிலேயே அவருக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 25, புதன்

ஜெபினை மெட்டுக்குக் கூப்பிட்டேன். வரவில்லை.

“சவூதிக்கு யாரு போன் போட்டாலும் போக மாட்டேங்கிதாம். ஏஜெண்டு போனும் ஆஃபாம். அந்த வீட்டுல பந்தல் போட்டுட்டாங்கடா. போய்ச் சொல்லு.”

“வெள்ளிக்கிழமை அவரே பேசுவாரு. தானாச் சரியாயிரும்.”

“வெள்ளி வரைக்கும் அந்தம்மா?”

“படுத்துத்தான இருக்கு.”

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். “சொல்லிட்டு வா. அப்புறம் மேட்டுக்குப் போவோம்.”

பெரிய மேட்டுக்குடி.

அக்டோபர் 27, வெள்ளி

காலை பத்து இருபதுக்கு மெசேஜ். “தம்பி வண்டி எப்படி இருக்கு? அம்மாவுக்குப் போன் போட்டா எடுக்கல. ஆடு மேய்க்கப் போயிருக்கும்.”

“சூப்பர் அண்ணே” என்று போட்டு ஒரு கட்டைவிரல் போட்டேன். கடையில் காய் நிறைய வந்து கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் மாமாவுக்குப் பேசியிருக்கிறார். ஊரே தெருவில் இறங்கிச் சிரித்து அழுததாம். ஆஸ்பத்திரியில் போனை அந்த அம்மா காதில் வைத்தார்களாம். “அம்மா, நான் நல்லா இருக்கேம்மா” என்றாராம். அந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “யாரு பெத்த பிள்ளையோ, எம் பிள்ள மாதிரியே பேசி ஆறுதல் சொல்லுது” என்றாராம். வீடியோவில் காட்டினாலும் அப்படியேதானாம். “அதான் போட்டோ போட்டு அடிச்சிட்டாங்களே” என்கிறாராம்.

ஆள் உயிரோடு இருக்கிறார். நான் சொன்னேன் அல்லவா, ஆயுசு கூடும் என்று.

அக்டோபர் 29, ஞாயிறு

தாய்மாமன் அந்த ஃபிளெக்ஸோடு கடை கடையாக ஏறியிருக்கிறார். மூன்றாவது கடை ஜெபின் கடை. கம்ப்யூட்டரில் படம் அப்படியே இருந்திருக்கிறது. அழிக்கக்கூடத் தெரியாதவனெல்லாம் டிசைனர்.

நான் எதிர்த்த டீக்கடையில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தேன். நாலு பேர். “யாருடா சொன்னா? எவன்டா சொன்னா?” என்பது ரோட்டுக்கே கேட்டது. இழுத்து வெளியே போட்டார்கள். சிமெண்டுப் படியில் அவன் வலது கையை வைத்து மாமன் மிதித்தார். அப்போது ஜெபின் நிமிர்ந்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தான். நேராக.

ஒரு பேரும் சொல்லவில்லை.

முந்நூற்றைம்பதில் செல்ஃப் ஸ்டார்ட் இருக்கிறது. ஒரே அழுத்தில் பிடித்துக்கொள்கிறது. சீச்சீயாக இருந்தால் நாலு உதை உதைக்க வேண்டியிருந்திருக்கும்.

அக்டோபர் 31, செவ்வாய்

ஜெபினுக்கு மூன்று விரல் முறிவு.

நவம்பர் 3, வெள்ளி

தனியாக மெட்டு ஏறினேன். பதினேழு வளைவும் இறங்காமல். மேலே டீ குடித்தேன். அதே ஜீப் அக்கா வந்தார். “என்னப்பா, பெரிய வண்டியா? நடந்து வந்தானே ஒருத்தன், சிரிச்ச மொகமா, அவன எங்க?” என்றார்.

பின்சீட் காலியாக இருந்தால் வளைவில் வண்டி லேசாகத் தூக்குகிறது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

நவம்பர் 8, புதன்

இன்பராஜ் வந்துவிட்டார். நேரில் பார்த்தால்தான் அந்த அம்மா நம்புவார் என்று வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தாராம். ஒப்பந்தத்தை முறித்தது முறித்ததுதானாம், திரும்பப் போக முடியாதாம்.

சாயங்காலம் எங்கள் வாசலில் நின்றார். போட்டோவில் இருப்பதைவிடக் கறுப்பு, ஒல்லி.

“நீதான பரணி? அம்மாவ ஆஸ்பத்திரிக்கு நீதான் கொண்டு போனியாமே. ரெம்ப நன்றிப்பா.”

“இருக்கட்டும்ணே.”

வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து செயினைத் தொட்டு விரலைப் பார்த்தார்.

“மாமா அந்த ஃபிளெக்ஸக் காட்டுனாரு. நல்லாத்தான் இருக்கேன் அதுல. எங்க எடுத்த போட்டோ அது, தெரியுமா?”

“மெட்டுலண்ணே” என்றேன். கொஞ்சம் முந்திக்கொண்டுவிட்டேன்.

“ம். அது எங்கிட்ட ஒண்ணு இருக்கு. ஒனக்கு ஒண்ணு அனுப்புனேன். மூணாவது கெடையாது.” அவர் குரல் ஏறவே இல்லை. “நான் அடிக்க வரலப்பா. அம்மாகிட்ட வந்து, நான்தான் வெளையாட்டுக்குச் செஞ்சேன்னு ஒரு வார்த்த சொல்லணும். அவ்ளோதான். அது இன்னும் என்னயக் கிள்ளிக் கிள்ளிப் பாக்குது. ‘திரும்ப எப்பப் போகணும்யா’ன்னு கேக்குது. நான் சவூதின்னு நெனைக்கிறேன். அது அதச் சொல்லல.”

உள்ளே அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

“அண்ணே, அன்னைக்கு எம் போன ஜெபின்கிட்டக் குடுத்திருந்தேன். ரிங்டோன் மாத்த. அவந்தான் எடுத்திருப்பான்.”

“அவன் ஒங் கூட்டாளியா?”

“ஒரே ஸ்கூலு. அவ்வளவுதான்.”

அவர் ஹாண்டில்பாரில் இருந்த முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

“செயினுக்கு எண்ண விடு. காஞ்சு கெடக்கு” என்று சொல்லிவிட்டு நடந்து போனார்.

முடிந்தது. அம்மா மறுபடி பாத்திரம் கழுவினாள்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா புதுச் சட்டைக்கு மஞ்சள் தொட்டு வைத்துவிட்டு, வண்டிக்கும் பொட்டு வைக்கிறேன் என்று வாசலுக்குப் போனாள்.

ரொம்ப நேரமாக வரவில்லை. கோவணத்தோடு எட்டிப் பார்த்தேன். வண்டிமேல் ஒரு ஃபிளெக்ஸ் போர்த்தியிருந்தது. வெள்ளை வெளிப்பக்கம். நான் போர்த்தவில்லை. அம்மா ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

போட்டோவில் நான். முந்நூற்றைம்பதில், கன்சல்டிங்கில், பல்லைக் காட்டிக்கொண்டு. அந்த போட்டோ ஜெபின் போனில் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு அவன் அனுப்பவே இல்லை. சுற்றி மாலை. கீழே என் வரி, எழுத்து மாறாமல். தோற்றம் சரியான தேதி, என் பிறந்தநாள் அவனுக்குத் தெரியும். மறைவு என்று போட்டு அதற்கு நேரே இடம் விட்டிருந்தான்.

எழுத்துகள் கொஞ்சம் கோணலாக, ஒன்றுமேல் ஒன்று ஏறி இருந்தன. இடது கையால் செய்திருக்கிறான். மூலையில் கடைப் பேரும் செல் நம்பரும் இருந்தன. வெட்டவில்லை.

“ஜெபின் வெளையாடுறாம்மா” என்றேன்.

அம்மா திரும்பவில்லை. குங்குமம் தொட்ட விரலை அந்த வெற்று இடத்தில் வைத்திருந்தாள். எடுக்க முடியாமல் வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். வாசல் படியில் அப்படியே உட்கார்ந்தாள். புதன்கிழமை வாசலில் பேசியது எல்லாமே அவளுக்குக் கேட்டிருக்கிறது.

“அந்தம்மாவும் இப்பிடித்தான்டா தூக்கிப் பாத்துச்சா?” என்றாள்.

தெரு முழுக்க வெடி. எண்ணெய்க் கையால் காதைப் பொத்திக்கொண்டேன்.

நவம்பர் 13, திங்கள்

அம்மா இன்றும் சாப்பிடவில்லை. சாவியைக் கேட்டேன். எந்தச் சாவி என்றாள்.

நவம்பர் 15, புதன்

கடைக்குப் பஸ்ஸில் போனேன். ஜன்னலோர சீட்டு. பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது ஃபிளெக்ஸ் கடை வாசலில் ஜெபின் நின்றிருந்தான். கையில் கட்டு. பக்கத்தில் இன்பராஜ் டீ டம்ளரை அவன் வாய்க்கருகே பிடித்திருந்தார்.

நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். செருப்புதான் போட்டிருந்தேன்.